மலையூரில் பொதுக் கட்டடத்துக்கு சோலார்: கீழ்நாட்டுக் கணக்கை மேலே ஏற்றாதீர்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஐப்பசி மழையில் மரம் விழுந்து லைன் அறுந்து நாலு நாளாகக் கரண்ட் இல்லை. சரிவில் வீடு இருந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்களை அந்தப் பள்ளியில்தான் தங்க வைத்திருந்தார்கள். நான் வயரிங் வேலை செய்கிறவன், ஜெனரேட்டர் இணைப்பு கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு பாட்டி கூரையைக் காட்டி, "ஏன் தம்பி, மேலே அத்தனை கண்ணாடி மாட்டி வெச்சிருக்காங்க, ஒரு பல்பு கூடவா எரியாது?" என்று கேட்டார்.

எரியாதுதான். 5 கிலோவாட் பேனல் இருந்தது, ஆனால் ஆன்கிரிட், அதாவது மின்வாரியத்தின் லைனோடு சேர்ந்தே ஓடும் வகை. வாரியத்தின் கரண்ட் போன அடுத்த நொடியே, பேனல் கரண்டை லைனுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால் நம் கூரையிலிருந்து போகும் மின்சாரம் லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேனை அடித்துவிடும். எனவே அது பழுது இல்லை, பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. கோயம்புத்தூரில் ஒரு மணிநேரம் கரண்ட் போனால் இதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே மழைக்காலத்தில் நாள்கணக்கில் போகிறது, அந்த நேரத்தில்தான் ஊரே பள்ளிக்கூடத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் ஓடுகிறது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சோலார் போட வேண்டும் என்று பேச்சு வந்தால், கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் ரசீதை எடுங்கள்

நம்மூரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆகவே ஆறு ரசீது சேர்ந்தால் ஒரு வருஷம். எல்லாவற்றையும் கூட்டி 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று வந்துவிடும். உதாரணத்துக்கு இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 8 யூனிட். சனி, ஞாயிறு பூட்டிக் கிடப்பதால் வேலைநாளில் 11 யூனிட் அளவுக்கு ஓடும். பொதுக் கட்டடத்தில் ஒரு வசதி, வேலையே பகலில்தான் நடக்கிறது, வெயில் இருக்கும் நேரமும் அதுதான்.

கீழே சமவெளியில் ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று சராசரி போடுவார்கள். வருகிற கொட்டேஷன் எல்லாம் அந்த 4-ஐ வைத்துத்தான் இருக்கும். நான் இங்கே 3-க்கு மேல் போடுவதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்த 3-ம் வராது, தேவாலா மழையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். குன்னூர், கோத்தகிரிக்கு அடி விழுவது ஐப்பசி, கார்த்திகையில். ஊட்டிக்கு இரண்டு மழையும் உண்டு. ஆக மேலே சொன்ன அலுவலகத்துக்கு 3 கிலோவாட் போதும், 9 யூனிட் வரும். கூரையில் இடம் இருக்கிறது, 10 போடுங்கள் சார் என்று சொல்கிறவரிடம், மிச்சமாகும் யூனிட்டுக்கு வாரியம் என்ன விலை கொடுக்கும், உங்கள் டாரிப்புக்கு, அதாவது கட்டண வகைக்கு, கொடுத்த யூனிட்டையும் எடுத்த யூனிட்டையும் கணக்கிடும் எந்த மீட்டர் முறை பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு உள்ள கணக்கு அலுவலக இணைப்புக்கு அப்படியே வராது.

இன்னொன்று, ரசீதில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பாருங்கள். 2 கிலோவாட் என்று இருந்தால் 3 கிலோவாட் சோலாருக்கு லோடை உயர்த்த வேண்டியிருக்கலாம், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் பேனலை இறக்கி வைத்துவிட்டு செக்‌ஷன் ஆபீசுக்கு அலைந்தவர்கள் உண்டு.

நிழலைப் பாருங்கள், வேறொருவர் சொல்லைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்

இதில்தான் மலைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது. ஒரு கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ 60 அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் காலை ஒன்பது மணிக்கு அதன் நிழல் 100 அடிக்கு மேல் நீளும், உச்சி வேளையில்கூட வடக்குப் பக்கம் 40 அடி விழும். அதே மரம் ஜூனில் உச்சி வேளையில் தெற்குப் பக்கம் 12 அடிதான் நிழல் தரும். ஏனென்றால் நம் ஊருக்கு ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே போய், ஆகஸ்ட் 22 வாக்கில்தான் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்கும். எனவே மே மாதத்தில் வந்து கூரையைப் பார்த்து "நிழலே இல்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் பொய் சொல்லவில்லை, டிசம்பரில் வந்து பார்க்கவும் இல்லை.

ஏணியைப் போட்டு நீங்களே ஏறுங்கள். காலை 9, மதியம் 12, மாலை 3, மூன்று நேரமும் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள், நிழல் விழும் கோட்டை சாக்பீஸால் போட்டு வையுங்கள். எதிரே குன்று இருந்தால் சூரியன் எத்தனை மணிக்கு அதைத் தாண்டி வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுதும் அடிவாங்கும். மரத்தை வெட்டிவிடலாமே என்றால், மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது, அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. பேனலை நகர்த்துவது சுலபம்.

திசை விஷயத்தில் எல்லோரும் தெற்கு என்பார்கள். தப்பில்லை. ஆனால் மதியத்துக்கு மேல் கீழேயிருந்து மஞ்சு ஏறி மூடிவிடும் ஊர் என்றால் கொஞ்சம் கிழக்காகத் திருப்புவேன், தெளிவான காலை வெயிலாவது முழுசாகக் கிடைக்கும். நம் அட்சரேகையில் சாய்வு குறைவாக இருந்தால் திசையால் பெரிய நஷ்டம் வராது. சாய்வு மட்டும் 10 டிகிரிக்குக் குறைய வேண்டாம், அப்போதுதான் மழைத் தண்ணீர் அழுக்கை அடித்துக்கொண்டு போகும்.

கூரை

நம் பழைய கட்டடங்களில் பாதி தகரக் கூரை, மீதி ஓடு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். இப்போது வருகிற 540 வாட் பேனல் ஒன்றே 28 கிலோ அளவுக்கு எடை இருக்கும். தகரத்தின் மேல் மாட்டினால் போதாது, அடியில் தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினில் போல்ட் இறங்க வேண்டும். முதலில் பரண் மேல் ஏறி டார்ச் அடித்து, கட்டை செல்லரித்திருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் வாஷர், மேலே சீலன்ட். ஒழுகும் கூரைக்குத் திட்டுவது வயரிங்காரனைத்தான், அனுபவத்தில் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடாதீர்கள், ஏறவும் ஏறாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்றால் முகப்பை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள சைக்கிள் ஷெட் கூரையைப் பாருங்கள்.

குளிரும் உயரமும்

குளிர் பேனலுக்கு நல்லது. வெயிலில் கீழே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பேனல் இங்கே அவ்வளவு சூடாகாது. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.3-லிருந்து 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும் என்பதால் அது நமக்கு லாபம். ஆனால் அதே குளிரில் வோல்டேஜ் ஏறும். கம்பெனி அட்டையில் போட்டிருக்கும் வோல்டேஜ் 25 டிகிரிக்கு உள்ளது. ஒரு பேனல் 50 வோல்ட் என்று 20 பேனலை வரிசையாகக் கோர்த்தால் 1000. தை மாசம் ஊட்டியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும் காலையில் அது 1070 வரை போய்விடும். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பு 1000 வோல்ட் என்றால் என்ன ஆகும்? கீழ்நாட்டு டிசைனை அப்படியே கொண்டுவந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "0 டிகிரிக்கு வோல்டேஜ் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

உயரமும் அப்படித்தான். பல இன்வெர்ட்டர்களின் கையேட்டில் 2000 மீட்டர் வரைதான் முழுத் திறன் என்று இருக்கும், சிலவற்றில் 3000, 4000 என்று இருக்கும். குன்னூருக்குக் கவலை இல்லை. ஊட்டி 2240 மீட்டர், கொடைக்கானலும் 2000-ஐத் தாண்டியது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பாட்டி கேட்ட பல்பு

ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சின்ன பேட்டரியும் போடுங்கள், கரண்ட் போனாலும் வாரிய லைனிலிருந்து பிரிந்து பேனலிலும் பேட்டரியிலும் ஓடும் வகை அது. கட்டடம் முழுவதையும் பேட்டரியில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் செலவு எங்கேயோ போய்விடும். கரண்ட் இல்லாத ராத்திரியில் எது ஓடியே ஆக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 10 வாட் பல்பு பத்து, ஆறு மணிநேரம்: 0.6 யூனிட். இருபது செல்போன் சார்ஜ்: 0.4 யூனிட். வைஃபை பெட்டி ராத்திரி முழுக்க: 0.2 யூனிட்டுக்குள். ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் மூன்று மணிநேரம்: அரை யூனிட்டுக்குள். எல்லாம் சேர்த்து 1.7 யூனிட் கூட வரவில்லை. 5 யூனிட் பேட்டரி இருந்தால் வெயிலே இல்லாமல் இரண்டு ராத்திரி தாராளமாகத் தாங்கும். சுகாதார நிலையம் என்றால் தடுப்பூசி ஃபிரிட்ஜ் இந்தப் பட்டியலில் முதலில் வரும்.

இந்த லோடுகளுக்குத் தனி டிபி (பிரேக்கர் இருக்கும் பெட்டி), தனி வயர், சாக்கெட்டுக்கு வேறு நிறம். ஹீட்டர், கெய்சர், கெட்டில் இந்தப் பக்கமே வரக்கூடாது. யாராவது ஒருவர் கெட்டிலைச் சொருகுவார், அதனால் நிறம் மட்டும் போதாது, பிரேக்கரையும் சின்னதாகப் போடுங்கள். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, ஆகவே வராந்தாவில் வைக்காமல் அறைக்குள் வையுங்கள்.

பணமும் காகிதமும்

2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது வீடுகளுக்கு. பொதுக் கட்டடத்துக்கு அந்தப் பணம் வராது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நமக்கு நாமே, நீலகிரியில் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று கேட்டுப் பார்க்க வழிகள் உண்டு. ஊராட்சி என்றால் கிராமசபையில் தீர்மானம் போட்டுவிட்டுக் கேளுங்கள், வருஷத்துக்கு ஆறு சபை நடக்கிறது. இந்தூர் மாநகராட்சி 2023-ல் பத்திரம் வெளியிட்டு 244 கோடி திரட்டி, குடிநீர் பம்புக்காக 60 மெகாவாட் சோலாருக்குப் போனது. நமக்கு அவ்வளவு பெரிய கை இல்லை. ஆனால் மலையிறங்கியதும் மேட்டுப்பாளையத்தை ஒட்டி இருக்கும் ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையே வாங்கியது என்பதைத் தலைவரிடம் சொல்லிப் பாருங்கள், வேலை செய்கிறது.

வேறொருவர் முதல் போட்டு மாட்டிவிட்டு, ஓடுகிற யூனிட்டுக்கு மட்டும் நம்மிடம் காசு வாங்கும் முறையும் இருக்கிறது. 3 கிலோவாட்டுக்காக யாரும் மலை ஏறி வரமாட்டார்கள். பள்ளி, அங்கன்வாடி, அலுவலகம், பம்ப் ரூம் எல்லாவற்றையும் ஒரே டெண்டராகச் சேர்த்தால் வருவார்கள். டெண்டரில் ஐந்து வருஷப் பராமரிப்பை எழுதுங்கள், பழுது என்று சொன்னால் எத்தனை நாளில் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள், வராத நாளுக்கு என்ன பிடித்தம் என்பதையும் எழுதுங்கள்.

மாட்டிய பிறகு

மழைக்காலம் முடிந்ததும் பேனலின் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் மெல்லிய துணியும் தண்ணீரும் போதும். கம்பி நார் வேண்டாம், பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். வயரெல்லாம் குழாய்க்குள் போக வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, தினமும் சாயங்காலம் பூட்டுவதற்கு முன்னால் இன்வெர்ட்டர் டிஸ்பிளேயில் தெரியும் நம்பரை எழுதி வைக்கச் சொன்னேன். 9, 10, 8, 9 என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் போன் வந்தது. "தம்பி, மூணு நாளா நாலைத் தாண்டவே மாட்டேங்குது, வெயில் நல்லாத்தான் அடிக்குது." ஏறிப் பார்த்தால், குழாய்க்கு வெளியே ஒரு சாண் வயர் தொங்கியிருக்கிறது, குரங்கு அதைப் பிடித்து ஆடி கனெக்டரையே பிடுங்கிவிட்டிருக்கிறது. திரும்பச் சொருகி, அந்த ஒரு சாணையும் குழாய்க்குள் தள்ளிக் கட்டிவிட்டு இறங்கினேன். மறுநாள் நோட்டில் 9 இருந்தது.