டொக்டரிடம் கடிதம் கேட்கப் போகுமுன்

திருகோணமலையில் சல்லிக் கிராமத்தில் இருக்கும் என் அண்ணாவுக்குப் பாரிசவாதம் (பக்கவாதம்) வந்து வலது கை விழுந்துவிட்டது. கடற்தொழில் செய்தவர். அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு அவர் முதலில் கொண்டுபோன மருத்துவக் கடிதத்தில் ஒரே வரிதான்: "பாரிசவாதம், தொடர் சிகிச்சையில் உள்ளார்." போதாது என்று பிரதேச செயலகத்தில் திருப்பிவிட்டார்கள். பாரிசவாதம் வந்து தேறி, மறுபடி கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அண்ணாவால் என்ன முடியாது என்பது அந்த வரியில் எங்கே இருக்கிறது?

அடுத்த கிளினிக்குக்கு முன் ஒரு கிழமை அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொப்பியில் எழுதினேன். சாரத்தை மச்சாள்தான் கட்டிவிடுகிறார். வலையில் முடிச்சுப் போட விரல் மடங்குவதில்லை. கிணற்றடியில் இரண்டு தடவை சறுக்கி விழுந்தார். தேத்தண்ணியை இடக்கையால் குடிக்கிறார், அதற்கு உதவி வேண்டாம். அதையும் எழுதினேன். கூட்டி எழுதக் கூடாது. சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது ஒன்று பிழைத்தால், டொக்டர் எழுதிய மற்றதையும் நம்பமாட்டார்.

அப்புறம், யாரிடம் கேட்பது? தொடர்ந்து பார்க்கும் அரச வைத்தியரிடம். ஒருநாள் மட்டும் பார்த்தவர் ஒரு வரிக்கு மேல் எதை எழுதுவார்? கிளினிக்கில் அவ்வளவு சனம், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கிளினிக் கொப்பியோடு உங்கள் தாளையும் முன்னால் வையுங்கள். "காசு கிடைக்கிற மாதிரி எழுதித் தாங்கோ" என்று கேட்காதீர்கள். கொடுப்பதா இல்லையா என்பது டொக்டரின் கையில் இல்லை. குடும்ப வருமானத்தையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: "டொக்டர், இவரால என்ன செய்ய ஏலாது, இது எவ்வளவு காலத்துக்கு இருக்கும் எண்டு எழுதுவீங்களா?"

அவர் தாளை வாசித்தார். அண்ணாவின் கையில் தன் இரண்டு விரலைக் கொடுத்து, "இறுக்கிப் பிடியுங்கோ" என்றார். பிடி இல்லை. அரைப் பக்கம் எழுதினார்: வலக்கையில் பிடிபலம் இல்லை, குளிக்கவும் உடுக்கவும் ஆள் தேவை, கடற்தொழில் செய்ய முடியாது, முழுதாகத் தேறும் வாய்ப்புக் குறைவு.

அறையை விட்டு வெளியே வருமுன் கையொப்பம், முத்திரை, திகதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் விண்ணப்பத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். போட்டோக் கொப்பி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பிரதேச செயலகத்தில் கொடுங்கள்.

2025 ஏப்ரலில் இந்தக் கொடுப்பனவு மாதம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கடிதம்தான் குறை என்றால், அவர்கள் எழுதித் தந்த காரணத்தோடு அதே டொக்டரிடம் திரும்பப் போகலாம்.