பார்சிலோனாவில் லா மெர்சே திருவிழா: முதல்முறை போகிறவர்களுக்கு

பார்சிலோனா பார்க்க ஆசையிருந்தால் செப்டம்பர் 24-ஐ ஒட்டிப் போங்கள். நகரத்தின் பாதுகாவலியான மெர்சே மாதாவின் நாள் அது. அதையொட்டிச் சில நாட்களுக்குத் தெருவெல்லாம் விழாதான், பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமும் இல்லை.

முதலில் விசா. ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். அறையையும் அப்போதே பிடித்துவிடுங்கள்.

அடுத்து, மாநகராட்சி வெளியிடும் நிகழ்ச்சி நிரல். இடமும் நேரமும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் பழைய வீடியோக்களை நம்ப வேண்டாம்.

சக்ராதா ஃபமிலியாவுக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்துக்கொண்டு காலையில் போங்கள். 1882-இல் தொடங்கிய தேவாலயம் அது. கிழக்குப் பக்கத்து நீல, பச்சைக் கண்ணாடிகள் வழியாக இளவெயில் தரையில் விழுவதைக் காலையில்தான் பார்க்க முடியும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம்: மனிதக் கோபுரம். ஜௌமே ப்ரிமேர் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சாந்த் ஜௌமே சதுக்கம் பக்கம்தான், கூட்டம் சேர்வதற்குள் போய் இடம் பிடியுங்கள். அடித்தளத்தில் நெருக்கியடித்து நிற்பவர்களைக் கவனியுங்கள், மேலே யாராவது விழுந்தால் தாங்குவதும் அவர்கள்தான். ஒரு கோபுரத்தை ‘எட்டில் நான்கு’ என்று சொன்னால் எட்டு அடுக்கு, உச்சி அடுக்குகள் தவிர அடுக்குக்கு நான்கு பேர். கிரால்யா என்ற குழல் ஒலிக்கத் தொடங்கினால் கோபுரம் ஏறுகிறது என்று அர்த்தம், ஹெல்மெட் போட்ட ஒரு சின்னக் குழந்தை எல்லார் முதுகிலும் தொற்றி உச்சிக்குப் போய்க் கையை உயர்த்தும்போது சதுக்கமே ஆர்ப்பரிக்கும். உடனே கிளம்பிவிடாதீர்கள், குலையாமல் இறங்கினால்தான் முழு வெற்றி, கீழ் அடுக்கில் நிற்பவர்களின் கால்கள் நடுங்குவதை அப்போதுதான் பார்ப்பீர்கள்.

இரவில் கொரேஃபோக், அதாவது நெருப்போட்டம். பிசாசு வேடமிட்டவர்கள் மத்தாப்பைச் சுழற்றிக்கொண்டு முரசோடு வருவார்கள், பொறி மேலே விழத்தான் செய்யும். அதனால் முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, மூடிய ஷூ, காதுக்குப் பஞ்சு எல்லாம் கட்டாயம். நைலான், பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம், பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அவர்களைப் பிடித்து இழுக்கவோ வழியை மறிக்கவோ கூடாது. கிட்டப் போகப் பயமாக இருந்தால் நடைபாதையில் சுவரோரம் நின்றாலே நன்றாகத் தெரியும்.

அப்புறம், பை எப்போதும் முன்பக்கம் இருக்கட்டும், கூட்டத்தில் பிக்பாக்கெட் அதிகம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, சாயங்காலமே சிறுவர்களுக்கான நெருப்போட்டம் தனியாக நடக்கும், பொறியும் சத்தமும் குறைவு, அதற்குக் கூட்டிப் போங்கள்.