உகந்தையிலிருந்து காட்டுக்குள் முதல் நாள் நடை

கதிர்காமப் பாதயாத்திரையில் ஊர்கள் முடிகிற இடம் உகந்தை. மட்டக்களப்பிலிருந்து திருக்கோவில், பொத்துவில், பாணமை வரைக்கும் கோயிலுக்குக் கோயில் சோறும் நிழலும் கிடைக்கும். உகந்தமலை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் குமண தேசியப் பூங்கா, அங்கே கடையும் இல்லை வீடும் இல்லை. முதல் தரம் வருபவர்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இந்த நாளில்தான். காரணம் இரண்டு: கால், தண்ணீர்.

காட்டுப்பாதை திறக்கும் நாள் வருடத்துக்கு வருடம் மாறும். அறிவித்தலைப் பார்த்து, ஒரு நாள் முந்தியே உகந்தைக்கு வந்துவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பின்னேரம் பாறைச்சூடு தணிந்ததும் மலையில் ஏறி, சுனைகளைப் பார்த்து இறங்குங்கள். இறங்கும்போது முழங்கால் நோகிறதா என்று கவனியுங்கள். நோவு இருந்தால் ஊருக்கு வாகனம் பிடிக்க இதுதான் கடைசி இடம்.

பை தண்ணீரோடு சேர்த்து 8 கிலோவைத் தாண்டக்கூடாது. தண்ணீர் மட்டும் 3 லீற்றர், அதாவது 3 கிலோ. மிச்சம் அவல், சர்க்கரை, கச்சான் (நிலக்கடலை), பேரீச்சம்பழம், ஒரு சாரம், போர்வை, ரோர்ச். வழியில் பவுசரிலும் தாங்கியிலும் தண்ணீர் வைப்பார்கள், ஆனால் நீங்கள் போய்ச் சேரும்போது அது முடிந்திருக்கலாம். ஆனி, ஆடியில் வீசும் கச்சான் என்ற வறண்ட காற்று வியர்வையை உடனே காயவைத்துவிடும். உடம்பு எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்பது தெரியாமலே போகும். அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருக்கால் இரண்டு மூன்று மிடறு குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) ஒரு பக்கற்றை ஒரு லீற்றரில் கரைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் தாகம் இன்னும் மோசமாகும்.

இனிக் கால். புதுச் செருப்போடு வராதீர்கள். இரண்டு மாதமாவது போட்டுப் பழகிய பாட்டாதான் (இறப்பர் செருப்பு) நல்லது. வார் பிடுங்கிக்கொண்டால் அதன் குமிழை மறுபடி துளைக்குள் தள்ளி, அடிப்பக்கம் குமிழுக்கு மேலே தண்டில் ஊக்கு ஒன்றைக் குறுக்கே குத்திப் பூட்டுங்கள், அன்றைக்கு முழுக்கத் தாங்கும். கொப்புளம் வருவது நடையால் மட்டுமல்ல. ஈரமும் மணலும் சேர்ந்து தோலை அராவுவதால் வருகிறது. ஒவ்வொரு மணித்தியாலமும் பத்து நிமிடம் இருந்து, விரல் இடுக்கு மணலைத் தட்டி, துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். ஓர் இடம் சிவந்து சுட்டால் அப்போதே பிளாஸ்ரர் ஒட்ட வேண்டும், ‘அடுத்த நிழலில் பார்ப்போம்’ என்றால் கொப்புளம் முந்திவிடும். வந்த கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். தொடை உரசுகிறவர்கள் புறப்படும் முன்னரே வாசலின் பூசுங்கள்.

நேர்த்திக்காக வெறுங்காலோடு நடப்பவர்கள் பத்தரை மணிக்கு முன் நிழலுக்குள் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு மணல் சுடும். முள்வாங்கியை மறக்காதீர்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் தயவுசெய்து வெறுங்காலோடு நடக்காதீர்கள். உள்ளங்கால் மரத்திருந்தால் முள் ஏறினதே தெரியாது, மூன்றாம் நாள் புண்ணாகத்தான் தெரியவரும்.

மணலில் மணிக்கு மூன்று கிலோமீற்றர் என்று கணக்கு வையுங்கள். விடிந்த கையோடு புறப்பட்டு, பத்தரைக்கு நிறுத்தி, மூன்று மணிக்குத் திரும்ப எழும்பி, ஐந்தரைக்குள் தங்குமிடம் சேர வேண்டும். வெள்ளெனப் போகலாம் என்று இருட்டில் இறங்காதீர்கள், அது யானையின் நேரம். குமுக்கன் ஆறு வரை ஒரே நாளில் போகிறவர்கள் உண்டு. முதல் தரம் என்றால் அதற்கு முன்னால் வரும் வாகூரவட்டையில் தங்குவதே சரி.

பதினைந்து இருபது பேராகச் சேர்ந்து போங்கள். முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர் என்று ஆளைக் குறித்துவிடுங்கள், கடைசி ஆளை விட்டு யாரும் பிந்தக்கூடாது. இது பாலைப்பழக் காலம். கரடிக்கு அந்தப் பழம் உயிர். பழம் பொறுக்கத் தனியாகப் பற்றைக்குள் குனியாதீர்கள், வளைவுகளில் அரோகரா சொல்லிக்கொண்டே போங்கள். திடுக்கிட்ட கரடிதான் பாயும். யானை நின்றால் சத்தம் வேண்டாம், அது விலகும்வரை தூரத்தில் நில்லுங்கள்.

மறுநாள் குமுக்கன் ஆற்றில் ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர் எடுப்பது. நீரோட்டத்திலிருந்து இரண்டடி தள்ளி, மணலில் முழங்கை ஆழத்துக்குக் கிண்டுங்கள். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும், கோப்பையால் மூன்று தரம் இறைத்து வெளியே ஊற்றுங்கள். மணல் அடங்கித் தெளிந்ததும் மேலாக மொண்டு, நாலாக மடித்த வேட்டித் துணியில் வடித்து, கொதிக்கவையுங்கள். தெளிவாக இருக்கிறதே என்று கொதிக்கவைக்காமல் குடித்தால் வயிற்றோட்டத்தோடு மூன்று நாள் நடக்க நேரும். முதலை இருக்கிற ஆறு, மருத மர நிழலில் எல்லாரும் குளிக்கிற ஆழமில்லாத இடத்திலேயே குளியுங்கள், பொழுதுபட்ட பிறகு இறங்காதீர்கள். கொண்டுபோன பொலித்தீனை மூட்டையிலேயே கட்டி வையுங்கள். உப்பு வாடை பட்ட பையை மானும் தின்னும்.