வெல்டிங் கேடு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்: பட்டறையிலும் படகிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுத்தியல் விரலில் பட்டால் அந்த நொடியே வலிக்கும். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டால் வலி ராத்திரிதான் வரும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை வெல்டு செய்யும்போது எழும் புகையை இழுத்தவருக்குக் காய்ச்சல் வீட்டுக்குப் போன பிறகு வரும். நுரையீரல் கெட்டது தெரிய வருடக்கணக்காகும். அதனால்தான் நம் பட்டறைகளில் "ஒண்ணும் செய்யாதுலே, பழகிப் போச்சு" என்ற பேச்சு இவ்வளவு எளிதாக வருகிறது. வேலை நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்துப் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று முடிவு செய்வதுதான் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து வருபவை.

கண்ணில் தொடங்குவோம். நீளமாக வெல்டு ஓட்டும்போது எல்லோரும் கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டை முகத்துக்கு நேரே பிடிக்கிறார்கள். கண் கெடுவது டேக் வைக்கும்போது, அதாவது துண்டுகள் நகராமலிருக்கச் சின்னப் புள்ளி வெல்டு வைக்கும்போது. ஒரு கை வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரில், மறு கை குழாயில், ஷீல்டு பிடிக்க மூன்றாவது கை இல்லை. ஆகவே தலையைத் திருப்பி, கண்ணை இறுக்கிக்கொண்டு ராடை ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். வெளிச்சம் கிளம்பியது தெரிந்த பிறகுதான் பல தடவை இமை மூடுகிறது. ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சமாகப் பட்ட புற ஊதாக் கதிர், நாள் முழுக்கச் சேர்ந்து கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தி, தண்ணீர் கொட்டி, விளக்கைப் பார்க்க முடியாமல் போகும்.

வெல்டரைவிட அதிகம் மாட்டுவது குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் கையாள் தம்பிதான். அவனிடம் ஷீல்டே இருக்காது. நேராகப் பார்க்காவிட்டாலும், பளபளக்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயிலும் புது ஷீட்டிலும் பட்டுத் திரும்பும் கதிர் அவன் கண்ணுக்குப் போகும். சாதாரண வெள்ளை பாலிகார்பனேட் கண்ணாடி புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தை நேராகப் பார்க்காமல் நின்றால் போதும். கிரைண்டர் பொறிக்கும் அதுவே காவல். கையாளுக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தருவது பட்டறை முதலாளியின் கடமை என்றே நான் சொல்வேன். வெல்டருக்கு, தானாகக் கறுக்கும் தலைக்கவசம் இருந்தால் டேக் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கையில் பிடிக்கும் ஷீல்டுதான் என்றால், 3.15 மி.மீ. ராடுக்குக் கண்ணாடியின் கறுப்பு எண் 10 அல்லது 11 வேண்டும். கேஸ் கட்டிங்குக்கு 5 போதும். கறுப்புக் கூலிங் கிளாஸ் எதற்கும் ஆகாது.

கண் சுட்டுவிட்டால் தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வில்லை வைப்பது எல்லாம் இன்றும் நடக்கிறது. தோல் உரிந்திருக்கும் கண்ணில் கிருமி போக வழி திறப்பதுதான் இது. அதைவிட ஆபத்து, வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப விடுவது. வலி தெரியாது, ஆனால் புண் ஆறாது, கருவிழியே கரையலாம். மூடிய இமை மேல் குளிர்ந்த ஈரத்துணி, இருட்டறை, ஒரு பாராசிட்டமால் என்று இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகும். ஆகாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் தீக்குச்சி முனையால் பக்கத்துப் பட்டறைக்காரர் எடுத்துவிடும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும்.

அடுத்தது புகை. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடல் உப்புக்காற்றும் உண்டு. அதனால் மொட்டை மாடியில் ஷீட் போடாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. துருப்பிடிக்கக் கூடாது என்று ஜி.ஐ. குழாய், கைப்பிடிக்கு எஸ்.எஸ். என்று கேட்கிறார்கள். கேட்பவருக்கு அது நல்லது. வெல்டு வைப்பவருக்கு, சாதாரண இரும்பைவிட இரண்டுமே மோசமான புகை.

ஜி.ஐ. மேலுள்ள துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாக எழும். அன்று மாலையோ ராத்திரியோ குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ போய்விடும். மழையில் நனைந்த காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து அதே வேலை செய்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வருவது நிற்கும். உடம்பு பழகிவிட்டது என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை போனால் மறுபடி வரும். உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பால், வாழைப்பழம், வெல்லம் சாப்பிட்டால் புகை இறங்கிவிடும் என்று மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் பால் போவது இரைப்பைக்கு, புகை போவது நுரையீரலுக்கு. ஒன்று மற்றதைத் தொடவே தொடாது. மூக்கில் கட்டும் கைக்குட்டையும் அப்படித்தான். வெல்டிங் புகைத் துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது, துணியின் இழைக்குள் தாராளமாக நுழையும். ஷீல்டுக்குள் குறைந்தது என்95 முகக்கவசம் போட வேண்டும்.

வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முன்கூட்டியே, முகக்கவசத்தோடு, கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். நிற்கும் இடமும் முக்கியம். ஆரல்வாய்மொழிப் பக்கம் வீசும் காற்றைக் கேட்கவே வேண்டாம். அங்கே வேலை என்றால் பலர் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். அப்போது காற்று உடம்பைச் சுற்றி வந்து முகத்துக்கு முன்னால் சுழலும், புகை அங்கேயே நிற்கும். காற்று பக்கவாட்டில் போகும்படி உட்கார்ந்து, தலையைப் புகைக்கு வெளியே வையுங்கள்.

எஸ்.எஸ். புகையில் பெரும்பாலும் காய்ச்சல்கூட வராது, அதனால் யாரும் பயப்படுவதில்லை. அதில் ஆறு இணைதிறன் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. எல்லா வெல்டிங் புகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் வகைப்படுத்தியது. பீடியும் சேர்ந்தால் நுரையீரல் இன்னும் கெடும்.

உடனே உயிரை எடுப்பது கரண்ட். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், முட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். படகுப் பழுது வேலையெல்லாம் அப்போதுதான் குவியும். அதுவே தென்மேற்குப் பருவமழைக் காலமும். ஈர இரும்பு, ஈரக் கையுறை, வியர்வை உடம்பு. வெல்டிங் மெஷினில் வருவது 50, 80 வோல்ட்தானே என்பார்கள். நனைந்த உடம்பைக் கொல்ல அது போதும். மெயினில் கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஈ.எல்.சி.பி. இருக்கிறது என்று நம்புவதும் தவறு. ஹோல்டர் பக்கம் ஷாக் அடித்தால் அது அணைக்காது, ஏனென்றால் டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கத்தையும் பிரித்திருக்கிறது. வெறுங்கையால் ராடு மாற்றாதீர்கள். காய்ந்த கையுறை ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும், முழங்காலுக்குக் கீழே காய்ந்த பலகையோ ரப்பர் மேட்டோ போடுங்கள். எர்த் கிளிப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். ஹோல்டர் உடைந்திருந்தால் டேப் சுற்றாமல் மாற்றுங்கள்.

படகில் மீன் வைக்கும் அறைக்குள் இறங்கும் முன் நிறுத்தி யோசிக்க வேண்டும். அழுகிய மீனிலிருந்து வரும் வாயு ஆளை மயக்கிச் சாய்க்கும். சுவருக்குள் குளிர் காக்க வைத்திருக்கும் பஃப் என்ற நுரை எரிந்தால் விஷப் புகை. புளோயரால் வெளிக்காற்றை ஊதுங்கள். வெட்கையாக இருக்கிறது என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டால் ஒரு பொறியில் உடையோடு பற்றிக்கொள்ளும். மேலே ஒரு ஆள் நிற்க வேண்டும், ஸ்விட்ச் அவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் மேலே நிற்பவர் குதித்து இறங்கக் கூடாது. கரண்டை அணைத்து, 108-ஐ அழைத்து, காற்றை ஊத வேண்டும். காலி டீசல் டேங்க் காலி என்று நம்பி வெல்டு வைக்காதீர்கள். உள்ளே ஆவி இருக்கும், அதுதான் வெடிக்கும்.

லுங்கி, பாலியஸ்டர் சட்டை, ரப்பர் செருப்பு மூன்றும் வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டையும் மூடிய ஷூவும் போதும்.

டாக்டரிடம் போகும்போது "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாமல், "இன்றைக்கு ஜி.ஐ. வெல்டிங் பண்ணினேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். காய்ச்சல் இரண்டு நாளில் போகாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போங்கள். வேலை நாளில் இளைப்பும் விடுமுறையில் நிம்மதியும் இருந்தால் அது புகையால் வந்த ஆஸ்துமாவாக இருக்கலாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைக் கேளுங்கள். வெல்டர்களுக்கு நிமோனியா கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் பிரிட்டனில் அவர்களுக்கு நியூமோகாக்கல் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. அதைப் பற்றியும் அதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.