ஊருணிக் கரையிலிருந்து குன்றக்குடி வரை: நெடுந்தூர ஓட்டத்தை மகிழ்ந்து பழகும் முறை

நெடுந்தூரம் ஓடப் பழக விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளிலேயே வேகமாக ஓடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தார்ச்சாலையில், பள்ளிக்கூடப் பந்தயத்தில் ஓடுவதுபோல் பத்து நாள் ஓடினேன். பதினோராம் நாள் கணுக்காலுக்கு மேலே எலும்போரம் தொட்டாலே வலித்தது, மூன்று வாரம் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. பிறகு ஊருணிக் கரைச் செம்மண் பாதையில் மெதுவாகத் தொடங்கியபோதுதான் ஓட்டம் எனக்குப் பிடித்துப்போனது.

இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புகளும் தசைநாண்களும் உறுதிப்பட மாதங்கள் ஆகும். மூச்சு இடங்கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டும்போது கால் தாங்காமல் போவது இதனால்தான். ஆகவே முதல் வாரத்தில் மூன்று நாள் மட்டும், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் பத்து முறை செய்யுங்கள். மொத்தம் 30 நிமிடம். வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட முடியும். ஒவ்வொரு நான்காம் வாரமும் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். வலி தெரிந்தால் அன்று நடந்தால் போதும்.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. உடன் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிந்தால் அதுவே சரியான வேகம். தனியாக ஓடுகிறவர்கள் மனப்பாடமாக உள்ள ஒரு முருகன் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். இது சோம்பேறிகளின் வழியன்று. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட மூச்சுக்கு அடங்கிய வேகத்தில் நெடுந்தூரம் ஓடவைத்துத்தான் தயார்செய்தார்; 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றார், அதே நாளில் லிடியார்டின் மற்றொரு மாணவர் முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார்.

மெதுவாக ஓடும்போதுதான் சுற்றியுள்ளவை கண்ணில் படுகின்றன என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். விடியலில் ஊருணிப் படிக்கட்டின் ஈரம், முகப்பைக் கடந்து நீளும் வீடுகளின் மதிலோரம் குளிர்ந்து கிடக்கும் நிழல், ஆத்தங்குடிப் பக்கம் போனால் வெயிலில் காயக் காத்திருக்கும் பூப்போட்ட தரைக்கற்கள். எங்கள் தெருவில் வாசல் தெளிக்கும் ஆச்சி ஒருவர், நான் கடக்கும்போதெல்லாம் வாளியைத் தாழ்த்திக்கொண்டு, "பையப் போப்பா, தண்ணி வழுக்கும்" என்பார். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் எழுந்த நாட்கள் உண்டு.

நன்றியைப் பழக்கமாக்க ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தையும் நேரத்தையும் எழுதுவதோடு, அன்று நன்றி சொல்லத் தோன்றிய ஒன்றை ஒரே வரியில் எழுதுங்கள். "உடம்புக்கு நன்றி" என்று பொதுவாக எழுதினால் நான்காம் நாள் சலித்துவிடும். "இடது முழங்கால் இன்று நான்கு சுற்றும் முனகவில்லை", "ஆச்சி இன்று எனக்காக வாளியை நகர்த்தி வைத்தார்" என்று குறிப்பாக எழுதுங்கள். ஓட்டம் சரியில்லாத நாளில் இந்த வரியைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனெனில் தேடிப் பார்த்தால் அன்றும் ஏதாவது கிடைக்கிறது.

வெயில் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். சித்திரை, வைகாசியில் சூரியன் ஏறுவதற்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. தலைசுற்றினாலோ குமட்டினாலோ உடனே நின்று நிழலுக்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் பாதை வழுக்கும்; அந்த நாட்களில் சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுவதே பாதுகாப்பு. தொடங்குவதற்கு மார்கழியைவிட நல்ல மாதம் எனக்குத் தெரியாது.

அரைமணி நேரம் கைவந்த பிறகு, வாரத்தில் ஒரு நாளை நீண்ட ஓட்டத்துக்கு ஒதுக்கி, அதை ஒரு கிலோமீட்டர் வீதம் கூட்டுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் பழனியை நினைத்துக்கொண்டு நடப்பதில்லை, அடுத்த தங்கலை நினைத்து நடக்கிறார்கள். நீங்களும் அடுத்த ஊருணி, அடுத்த ஆலமரம், அடுத்த டீக்கடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குத் தயாரானதும் விடியுமுன் புறப்பட்டு, மலை கண்ணில் படும்போதும் வேகத்தைக் கூட்டாமல் அடிவாரம் வரை போய்ச் சேருங்கள். திரும்பி ஓட வேண்டாம். பஸ்ஸில் சன்னலோரம் அமர்ந்து, எந்த இடத்தில் மூச்சு வாங்கியது, எந்த மரத்தடியில் நடந்தோம் என்று பார்த்துக்கொண்டே வந்து, அன்றைய வரியை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.