பிடித்தும் பிடிக்காத ஊர்கள்: சிவிலைசேஷன் 5-இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவிலைசேஷன் 5 என்ற கணினி விளையாட்டில் எதிரி ஊர் விழுந்ததும் திரையில் ஒரு பெட்டி வரும். அனெக்ஸ் (ஊரை முழுதாக நம் ஆட்சியில் சேர்ப்பது), பப்பெட் (தானே நடக்கும் பொம்மை ஊராக வைப்பது), ரேஸ் (கொளுத்தி அழிப்பது). வென்ற மிதப்பில் ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டு அடுத்த ஊரை நோக்கிப் படையை நகர்த்துவதுதான் பலருக்கும் வழக்கம். அதிருப்தி ஏறி, நாட்டின் மகிழ்ச்சிப் புள்ளி மைனஸில் சரிந்த பிறகுதான் அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வரும். இங்கே சொல்வதெல்லாம் 2013-இல் வந்த ப்ரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கத்துக்கு, சாதாரண வேகம், ஸ்டாண்டர்டு அளவு வரைபடம் என்ற கணக்கில்.

முதல் தவறு, ஊர் கைக்கு வந்த அதே டர்னில் (ஆட்டத்தின் ஒரு சுற்றில்) அனெக்ஸ் செய்வது. நாமே கட்டிய ஊர் என்றால் ஊருக்கு 3, ஆளுக்கு 1 என்று அதிருப்தி ஏறும். பப்பெட்டுக்கும் அதே கணக்குதான். கோர்ட்ஹவுஸ் (இந்தக் கூடுதல் அதிருப்தியை நீக்கும் கட்டடம்) இல்லாமல் அனெக்ஸ் செய்த ஊருக்கோ 5, ஆளுக்கு 1.34. ஆக, 6 பேர் உள்ள ஊர் பப்பெட்டாக இருந்தால் 9, அனெக்ஸ் செய்தால் 13. கோர்ட்ஹவுஸை உடனே வாங்கிவிடலாமே என்றால் முடியாது. பிடித்த ஊர் சில டர்ன்கள் கலகத்தில் இருக்கும். மக்கள்தொகை கூடக் கூட அந்தக் காலமும் நீளும். அது முடியும்வரை அங்கே எதையும் கட்டவும் முடியாது, வாங்கவும் முடியாது. அத்தனை டர்னும் கூடுதல் அதிருப்தியைச் சும்மா சுமக்க வேண்டியதுதான்.

சரியான வரிசை வேறு. முதலில் பப்பெட். கலகம் அடங்கும்வரை பொன் சேர்த்துவையுங்கள். அடங்கிய பிறகு ஊரைத் திறந்து அனெக்ஸ் செய்து, அதே டர்னில் கோர்ட்ஹவுஸை வாங்கிவிடுங்கள். கூடுதல் அதிருப்தி ஒரு டர்ன்கூட உங்களைத் தொடாது. கோர்ட்ஹவுஸுக்கு டர்னுக்கு 4 பொன் பராமரிப்பு உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். மேத்தமேட்டிக்ஸ் என்ற தொழில்நுட்பத்தை ஆராயாமல் அது கிடைக்கவும் கிடைக்காது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அக்கம்பக்கத்தாரை அடித்துப் பிடிப்பவர்கள் இதை மறந்துவிட்டுத் திண்டாடுவதுண்டு.

பப்பெட்டை எப்போது வேண்டுமானாலும் அனெக்ஸ் செய்யலாம். அனெக்ஸ் செய்ததைத் திரும்பப் பப்பெட்டாக்க முடியாது. பெட்டியைப் பார்த்ததும் குழப்பமாக இருந்தால் பப்பெட்டை அமுக்குங்கள். பின்னால் மனசு மாற அது இடம் கொடுக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் பப்பெட்டாகவே குவித்து வைப்பதும் தவறுதான். பப்பெட் தரும் அறிவியலிலும் பண்பாட்டிலும் 25 சதவீதம் வெட்டு. என்ன கட்டுவது என்பதையும் அதுவே முடிவு செய்யும், பொன்னைப் பார்த்தே ஓடும். பப்பெட் சமூகக் கொள்கைகளின் விலையை ஏற்றாது, நேஷனல் காலேஜ் போன்ற தேசிய அதிசயங்களுக்கு (நாட்டுக்கு ஒன்று மட்டும் கட்டக்கூடிய கட்டடங்கள்) ‘எல்லா ஊரிலும் நூலகம் வேண்டும்’ என்பது போன்ற நிபந்தனையிலும் சேராது. இந்த இரண்டையும் கேட்டுவிட்டு ‘பப்பெட் இலவசம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. தொழில்நுட்பங்களின் விலை ஊருக்கு 5 சதவீதம் ஏறுகிறதே, அதில் பப்பெட்டும் அடக்கம். பனிக்காட்டில் 3 பேரோடு கிடக்கும் ஊர் அந்த 5 சதவீதத்தைச் சம்பாதித்துத் தராது. அதில் புதிதாக ஒரு லக்சுரி வளம் (ஆடம்பரப் பொருள்) இருந்தால் கதை வேறு. உங்களிடம் இல்லாத ஒவ்வொரு வகைக்கும் 4 மகிழ்ச்சி கிடைக்கும். ஏற்கெனவே உள்ள வகை என்றால் மகிழ்ச்சி பூஜ்யம், பண்டமாற்றுக்கு மட்டுமே உதவும்.

அப்படியானால் கொளுத்திவிடலாமா? தலைநகரங்களையும் நகர அரசுகளையும் (ஒரே ஊர் கொண்ட குட்டி நாடுகள்) ரேஸ் செய்ய முடியாது. மற்ற ஊர்களில் டர்னுக்கு ஒருவர் வீதம் மக்கள் குறைந்து, கடைசியில் ஊர் மறையும். பலர் கவனிக்காதது, எரிந்துகொண்டிருக்கும் ஊர் அனெக்ஸ் கணக்கிலேயே இருக்கும் என்பது. 6 பேர் ஊர் மூன்றை ஒரே நேரத்தில் கொளுத்தினால் தொடக்கத்தில் 39 அதிருப்தி. பப்பெட்டாக விட்டிருந்தால் 27. மூன்று டர்ன் போனதும் இரண்டும் சமமாகிவிடும், அதன்பின் லாபம்தான். ஆனால் அந்த மூன்று டர்னில் மைனஸ் 10-ஐத் தாண்டினீர்களா என்பதுதான் கேள்வி. தாண்டினால் கிளர்ச்சிப் படைகள் உங்கள் நிலத்திலேயே முளைக்கும், செட்லரை (புது ஊர் அமைப்பவரை) உருவாக்க முடியாது, சண்டையில் படையின் பலமும் குறையும். கையிருப்பு குறைவு என்றால் ஒன்றைக் கொளுத்துங்கள், மற்ற இரண்டையும் பப்பெட்டாக வைத்து ஒவ்வொன்றாக அனெக்ஸ் செய்து கொளுத்துங்கள். எரியும் ஊரில் டர்னுக்கு ஒரு கட்டடத்தை விற்கலாம். எப்படியும் சாம்பலாகப் போவதுதானே, விற்றுக் காசாக்காமல் விடுவானேன்?

ஊர் மறைந்த பிறகு அந்த நிலம் யாருடையதும் இல்லை. காலி இடத்தைக் கண்டால் கணினி ஆட்டக்காரர்களின் செட்லர்கள் வந்து நிற்பார்கள். நடுக்கட்டத்தில் ஒரு போர்வீரனை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பக்கத்துக் கட்டத்தில் ஊர் கட்டிவிடுவார்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்று கட்டம் இடைவெளி வேண்டும் என்பது விதி. பக்கத்தில் உங்கள் ஊர் ஒன்று இருந்தால் அந்த விதியே உங்களுக்குக் காவல்.

நான்காவதாக ஒரு பொத்தான் சில சமயம் வரும்: லிபரேட். நீங்கள் பிடித்த ஊர் முதலில் அந்த எதிரியுடையதாக இல்லாமல் வேறொருவருடையது என்றால் அந்த முதல் உரிமையாளரிடமே திருப்பிக் கொடுக்கலாம். வேண்டாத ஊரைக் கழிக்க இதைவிட மலிவான வழி இல்லை. அதிருப்தியும் இல்லை, தொழில்நுட்ப விலையும் ஏறாது, போர்வெறியன் என்ற கெட்டபெயரும் குறையும். நகர அரசு என்றால் செல்வாக்கும் பெரிதாக ஏறும். டாமினேஷன் (போரில் எல்லாரையும் அடக்கிப் பெறும்) வெற்றிக்கு ஆடுபவர்கள் மட்டும் தலைநகரங்களை இப்படிக் கொடுத்துவிடக் கூடாது. எல்லா மூலத் தலைநகரங்களும் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும்.

சில்லறைத் தவறுகள் இரண்டு. தொலைவில் உள்ள சிற்றூருக்குச் சாலை போடாதீர்கள். கட்டத்துக்கு 1 பொன் பராமரிப்பு, எட்டுக் கட்டச் சாலைக்கான 8 பொன்னை 3 பேர் ஊர் திருப்பித் தராது. அப்போதுதான் பிடித்த ஊருக்குள் காட்டபல்ட்டையோ பீரங்கியையோ நிறுத்தவும் வேண்டாம். ஊரின் மதில் பலம் அப்போது அடிமட்டத்தில் இருக்கும். எதிரி திருப்பிப் பிடித்தால் உள்ளே நிற்பது ஊரோடு சேர்ந்து போய்விடும்.