சென்னை வெயிலில் கொம்புச்சா: முதன்முறை செய்பவர்களுக்கு

வீட்டிலேயே பிரவுன் ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆனால் நொதிக்க விடுவது, நுரை வரவழைப்பது, விதவிதமாக மணம் சேர்ப்பது என அதிலுள்ள சுவாரஸ்யம் அத்தனையும், இனிப்பு டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் கொம்புச்சா என்ற பானத்திலும் கிடைக்கும்.

முதலில் தேவை ஸ்கோபி. பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து வளர்த்த, பாலாடை போன்ற படலம் இது. தொட்டால் இளநீர் வழுக்கை போல வழுக்கும். ஏற்கெனவே போடுகிறவர்களிடம் கேளுங்கள், மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். அதோடு நன்றாகப் புளித்த கொம்புச்சா 200 மில்லியும் கட்டாயம் வாங்குங்கள். அந்தப் புளிப்புதான் பூஞ்சையைத் தடுக்கிறது.

டீ போடுவது

மூன்று லிட்டர் ஜாடிக்கு ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீர். மெட்ரோ வாட்டர் என்றால் நன்றாகக் கொதிக்கவிடுங்கள், குளோரின் போய்விடும். அடுப்பை அணைத்து, 15 கிராம் டீ போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். டஸ்ட் டீ வேண்டாம், அடியில் கசடு தங்கும். நீலகிரி இலைத் தேயிலை அருமையாக வரும். மசாலா டீயும் வேண்டாம். அதன் எண்ணெய்ச் சத்து ஸ்கோபிக்கு ஆகாது.

வடிகட்டி, 150 கிராம் சர்க்கரையைக் கரையுங்கள். குறைக்க நினைக்காதீர்கள், அது ஈஸ்ட்டுக்கான சாப்பாடு. முழுக்க ஆறிய பிறகே கண்ணாடி ஜாடியில் ஊற்றிப் புளித்த கொம்புச்சாவையும் ஸ்கோபியையும் சேர்க்க வேண்டும். சூட்டோடு போட்டால் ஸ்கோபி செத்துவிடும். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து மூடி, ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். வலைத்துணி போதாது, பழ ஈ உள்ளே போய்விடும்.

காத்திருப்பது

இணையத்தில் பத்து நாள், இரண்டு வாரம் என்று எழுதியிருப்பது குளிர் தேசத்துக் கணக்கு. கத்திரி வெயிலில் ஐந்தாம் நாளே தயாராகிவிடலாம்; மார்கழியில் கூடுதலாகச் சில நாள் பிடிக்கும். நாள்காட்டியை நம்பாதீர்கள், நாக்கை நம்புங்கள். நான்காம் நாளிலிருந்து தினமும் சுத்தமான கரண்டியில் கொஞ்சம் எடுத்துச் சுவையுங்கள். இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரியாக இருக்கும்போது எடுத்துவிடுங்கள்.

பழுப்பு நூல்கள் தொங்கினால் பயப்பட வேண்டாம், அது ஈஸ்ட். மேலே பச்சை, கறுப்பு, வெள்ளை என எந்த நிறத்திலாவது பஞ்சு மாதிரி ரோமம் முளைத்தால் பூஞ்சை. ஸ்கோபியோடு சேர்த்து மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக எடுத்துவிட்டுக் குடிக்கவே கூடாது.

மணம் சேர்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அடுத்த முறைக்கு ஸ்கோபியையும் 200 மில்லியையும் எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சின்னச் சின்ன பாட்டில்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரே மணம். ஒரு பாட்டிலில் எதுவும் சேர்க்காமல் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது என்ன செய்தது என்று புரியும்.

அரை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் துருவிய இஞ்சி போட்டால் நுரை நன்றாக எழும்பும். நன்னாரி சர்பத் இரண்டு டீஸ்பூன் ஊற்றினால் கறுப்பு டீயின் துவர்ப்போடு அழகாக ஒட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் சென்னைக்கென்றே அமைந்த சேர்க்கை இது. நாவல்பழம் நிறத்துக்காகவே செய்யலாம். மாம்பழம் கவனம்: சர்க்கரை அதிகம், அழுத்தம் வேகமாக ஏறும்.

கண்ணாடி பாட்டில் அழுத்தத்தில் வெடிக்கக்கூடும், அதனால் தொடக்கத்தில் கனமான பிளாஸ்டிக் சோடா பாட்டிலே நல்லது. மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடுங்கள். அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். கல் போல இறுகியதும் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். கோடையில் ஒரே நாளில் இறுகிவிடும்.

நொதிக்கும்போது கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும். வெளியே அதிக நேரம் விட்டால் அதுவும் கூடும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது வேண்டாம். மற்றவர்களும் முதல் நாள் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.